கேள்வி கேட்க ஆள் உண்டு. பதில் சொல்ல யார் உண்டு?

(ஈஜிபுரா நிருபர்)

பெங்களூர் மாநகராட்சிக் கவுன்சிலின் ஆயுள் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதியோடு முடிந்தது. 198 வார்டுகளின் கவுன்சிலர்களும் அன்றைக்கே மாஜி கவுன்சிலர்கள் ஆனார்கள். ஈஜிபுரா அப்போது 148-வது வார்டு. அதே ஆண்டு டிசம்பரில் தேர்தலை நடத்தும்படி கர்நாடக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று. உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. வார்டுகளின் எண்ணிக்கையை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். இந்த ஐந்து ஆண்டுகளும் நகரத்தில் நடந்தது அதிகாரிகளின் நிர்வாகம்.

இது முதல் தடவையும் அல்ல. 2006 நவம்பரில் கவுன்சில் முடிந்து, 2010 மார்ச்சில்தான் அடுத்த தேர்தல் நடந்தது.

"கவுன்சிலர் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போம். "அண்ணா, எங்கள் தெருவில் நாலு நாளாகக் குப்பை எடுக்கவில்லை" என்போம். அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போடுவார். குப்பை போகும். அடுத்த தெருவில் அப்படியே கிடக்கும், ஏனென்றால் அந்தத் தெருக்காரர்களுக்கு அண்ணாவைத் தெரியாது. நமக்குக் கிடைத்தது உபகாரம். ஏன் நாலு நாள் எடுக்கவில்லை, கண்டிராக்டருக்குப் பணம் போயிற்றா இல்லையா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆனாலும் அவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வந்தாக வேண்டிய மனிதர். கமிஷனருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையோடு வேறு இலாகாவுக்குப் போய்விடுவார்.

கேட்காமல் விட்ட கேள்வி

கேள்வியைப் பிந்திக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈஜிபுரா மக்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஏழைகளுக்காக மாநகராட்சி இங்கே கட்டிய குவார்ட்டர்சில் சுமார் 1,500 வீடுகள் இருந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள் அங்கே குடியிருந்தார்கள். நம் மொழிக்காரர்கள் அவர்களில் நிறைய. கட்டி இருபது ஆண்டுகள்கூட ஆகாமல் கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. ஆபத்து என்று மற்றவையும் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் அதே மண்ணில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள்.

பிறகு அந்த இடம், சுமார் 15 ஏக்கர், மேவெரிக் ஹோல்டிங்ஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு கூட்டுத் திட்டமாயிற்று. பாதி நிலத்தில் ஏழைகளுக்கு வீடு, பாதி நிலத்தில் வணிக வளாகம். 2013 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் காவலோடு புல்டோசர் வந்தது. சில நாட்களில் கொட்டகைகள் தரைமட்டம். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் நடைபாதையில் கிடந்தன. சிலர் சர்ஜாபூர் ரோடு பக்கம் அனுப்பப்பட்டார்கள். விடியற்காலையில் வேலைக்கு வர வேண்டிய ஒரு துப்புரவுப் பெண்ணுக்கு அந்தத் தூரம் என்ன என்பதை மேஜையில் உட்கார்ந்து கணக்கிட முடியாது.

அன்றைக்குப் போராட்டம் நடந்தது, வழக்கு நடந்தது, பத்திரிகைகளில் படம் வந்தது. எல்லாம் நிலம் கைமாறிய பிறகு. ஏழைகளுக்கென்று வாங்கிய நிலத்தில் பாதி எதற்காக வணிகத்துக்கு? முதலில் கட்டிய வீடு ஏன் இடிந்தது, கட்டியவர் யார், பில்லில் கையெழுத்துப் போட்ட இன்ஜினீயர் யார்? இவை திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே வார்டு மக்கள் கூடிய கூட்டத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. கேட்க ஒரு கூட்டம் வேண்டுமே!

சட்டத்தில் கூட்டம் உண்டு. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைக்கச் சொல்கிறது. கர்நாடகம் அதன்படி ஒரு சட்டமும் செய்தது. கவுன்சிலர் தலைமை, பத்து அங்கத்தினர், அதில் பெண்கள் மூவருக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் இருவருக்கும், குடியிருப்போர் சங்கத்தார் இருவருக்கும் குறையக்கூடாது. ஆனால் குப்பை வழக்கில் உயர்நீதிமன்றம் வற்புறுத்திய பிறகுதான் கமிட்டிகள் காகிதத்தை விட்டு எழுந்தன. கூடி உட்காரப் பழகுவதற்குள் கவுன்சில் காலம் முடிந்தது. பிறகு கவுன்சிலர் நாற்காலியில் நோடல் அதிகாரி என்று ஒரு உத்தியோகஸ்தர் உட்கார்ந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்படி நடந்த கூட்டங்களிலும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், லேஅவுட் சங்கத்தார். அவர்கள் மீது குறை இல்லை, வந்தார்கள், கேட்டார்கள். குடித்தனக்காரரான நம்மவர், "நாம் வாடகைக்கு இருப்பவர்கள், நமக்கென்ன" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வீட்டு வரி, வாடகை வழியாக நம் பையிலிருந்தும்தான் போகிறது.

கேள்வி நேரம் என்பது

இங்கிலாந்தில் 1960-ல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் விட வேண்டும் என்பது அதன் சாரம். மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது புதிதாக எம்.பி. ஆகியிருந்த மார்கரெட் தாட்சர். இன்று அங்கே பல கவுன்சில்களில் பொதுமக்கள் கேள்வி நேரம் என்றே தனியாக வைக்கிறார்கள். முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் பதில். துணைக் கேள்வி ஒன்று கேட்கலாம். இரண்டும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்.

அதெல்லாம் சீமைச் சமாசாரம் என்பவர்கள் ராஜஸ்தானைப் பார்க்கலாம். 1994 டிசம்பர் 2-ந்தேதி, பாலி மாவட்டம் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் ஒரு பொது விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலையின் மஸ்டர் ரோலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது சபையில் வெளியாயிற்று. கேட்டவர்கள் கூலிக்காரர்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை விட்டுவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்த அருணா ராய் இதில் முன்னின்றவர். அந்தக் கூட்டங்களின் வழியில் வளர்ந்து வந்ததுதான் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

எழுத்துக்கு உள்ள பலத்தை எங்கள் ரயில்வேயிலேயே பார்க்கலாம். கவுண்டரில் வாய்ச்சண்டை போட்டுவிட்டுப் போன பயணியை அரை மணியில் மறந்துவிடுவோம். புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனவரை மறக்க முடியாது. பக்கத்துக்கு நம்பர் உண்டு. மேலே பதில் போக வேண்டும்.

எஷ்டு, யாவாக, யாரு

நம்மவர்கள் தயங்குவது கன்னடத்துக்காக. கூட்டம் கன்னடத்தில் நடக்கும். அது அவர்கள் மாநிலம், அப்படித்தான் நடக்கும். சந்தையில் பேசத் தெரிந்த கன்னடம் இதற்குப் போதும். எஷ்டு, யாவாக, யாரு என்று மூன்று சொற்கள்: எவ்வளவு பணம், எப்போது முடியும், யார் பொறுப்பு. "எங்கள் தெரு மோசம், ஏழைகளை யார் கவனிக்கிறார்கள்" என்று முறையிட்டால் அதிகாரி தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். தொகையும் தேதியும் பெயரும் கேட்டால் தலையாட்டிப் பயன் இல்லை. அதிலும் யாரு என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பாதாளச் சாக்கடை குடிநீர் வடிகால் வாரியத்தைச் சேர்ந்தது; மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியினுடையது; கரண்ட் பெஸ்காம். தப்பான மேஜையில் கேட்டால் "நம்து அல்லா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

ஈஜிபுரா மேம்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். கேந்திரிய சதன் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2017-ல் வேலை தொடங்கியது; 2019-ல் முடித்திருக்க வேண்டும். 2022-ல் கண்டிராக்ட் ரத்தாயிற்று. 2023-ல் வேறு கம்பெனி வந்தது. இடைப்பட்ட காலத்தில் தலையில்லாத தூண்களுக்கு அடியில் பஸ்ஸும் ஆட்டோவும் ஊர்ந்தன. "பாலம் எப்போது முடியும்" என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தேதி கிடைத்தது. முந்தின கண்டிராக்டரிடம் தாமதத்துக்காக எவ்வளவு வசூலானது, எந்தத் தேதியில், வசூலாகாவிட்டால் எந்த அதிகாரி விட்டுக்கொடுத்தார் என்று கேட்டவர்கள் குறைவு.

கூட்டம் இல்லாத மாதத்தில் தகவல் சட்டம் இருக்கிறது. மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் தந்தால் இங்கே செல்லாது. கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று 6-வது பிரிவு சொல்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

ஈஜிபுராவிலிருந்து போக வேண்டிய முதல் மனுவுக்கு 150 வார்த்தைகூட வேண்டாம். 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எத்தனை குடும்பத்துக்கு, எந்தத் தேதியில், எந்த நம்பர் வீட்டுச் சாவி கொடுக்கப்பட்டது? பட்டியல் தரவும்.