மாடியில் குடித்தனம் வேண்டும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கீழே கடை மேலே குடித்தனம் என்று கட்டிய பழைய கடைவீடுகள் இப்போது புதுப்பிக்கப்பட்டு, இரண்டு தளமும் சேர்ந்த டூப்ளெக்ஸாக வாடகைக்கு வருகின்றன. இரவுக் கணக்கில் எடுப்பது சுலபம். ஐந்தாண்டு குடியிருக்க வீடு கேட்டால் தேடி அலைய வேண்டும். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. ஓடு, சுவர், சன்னல், கட்டடத்தின் உயரம் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. உள்ளே குடியிருப்பவரின் வாடகை ஒப்பந்தத்துக்கு அப்படியொரு காவல் இல்லை. நீண்ட காலம் தங்கும் வாடகைக் குடும்பங்களைக் கைவிட்டுவிட்டு இந்தத் தெருக்களைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்வது தவறு என்பதே என் கருத்து.

ஒரு காலத்தில் அந்தக் காவல் இருந்தது. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் பிடித்து வைத்திருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997இல் அதை ரத்து செய்தார்கள். அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. பிறகு வாடகை ஏற, பல தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. பழைய சட்டம் வீட்டுக்காரரை வஞ்சித்தது என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். வரும் வாடகையில் ஓடு மாற்றக்கூட முடியாதபோது எந்த உரிமையாளர் வீட்டைப் பராமரிப்பார்? மாடியைப் பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. ஆனால் அநியாயமாகக் குறைந்த வாடகைக்கு மாற்று, காவலே இல்லாத வாடகை ஆகிவிடாது. ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், கூரைச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டு வெளியேற்ற முடியாது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் இருதரப்புக்கும் நியாயமானது.

சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் இந்தப் பழைய கட்டடங்கள் இடிந்தே போயிருக்கும் என்பது இன்னொரு வாதம். பெரிய மாளிகைகளுக்கு அது பொருந்தும். சியோங் ஃபாட் ஸீ மாளிகை விடுதியாகித்தான் பிழைத்தது. குறுகிய முகப்பும் நீண்ட உடலுமான கடைவீடு அப்படியல்ல. நடுவிலிருக்கும் முற்றம்தான் அதற்கு மூச்சு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். முற்றத்தை மூடி, சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, உப்பு பூத்துப் பூச்சு உதிரும். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதை முதல் மழையிலேயே கவனிப்பவர் அங்கே சமைத்துத் தூங்குபவர்தான். இரண்டு இரவு விருந்தினருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஆள் போன மாடிக்கு என்ன நேரும் என்பதையும் இந்நகரம் பார்த்திருக்கிறது. காலி வீடுகளின் சன்னல்களை அடைத்து, உள்ளே ஈரத்தைத் தேக்கி, ஒலிபெருக்கியில் குருவிக் கூவலைப் போட்டு, உண்ணும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். பாரம்பரியப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற மாநில அரசு 2013 இறுதிவரை கெடு விதிக்க வேண்டியிருந்தது.

லிஃப்டும் கார் நிறுத்த இடமும் உள்ள அடுக்குமாடிக்கு மனமாரப் போனவர்கள் உண்டு. அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. இருக்க விரும்பியவர்களைப் பற்றித்தான் என் கவலை. குயீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் பினாங்கு தெருக் கோயில் வீடும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களை நம்பி வளர்ந்தவை. ரதத்தின் வழியில் தேங்காய் குவித்து உடைப்பது அந்த ஊர்க்காரர்களின் நேர்த்தி. இந்நகரின் பழைய வீடுகள் பலவற்றுக்குச் சீனக் குலச் சங்கங்களும் கோயில்களும் வக்ஃப் அறக்கட்டளைகளும்தான் உரிமையாளர்கள். லாபம் மட்டுமே நோக்கமில்லாத இந்த உரிமையாளர்களே முதலில் பத்தாண்டு ஒப்பந்தம் தரலாம். பழுதுபார்க்க மானியம் கொடுக்கும் அரசு, மாடியில் குடித்தனம் வைப்பதை அதற்கு நிபந்தனையாக்கலாம்.