எடைக்குப் போகும் எழுத்துகள்

காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு இயந்திரத்துக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. துருவைச் சுரண்டி, கறுப்பு வண்ணம் அடித்து, சக்கரத்தைப் பளபளப்பாக்கி வரவேற்பறையில் நிறுத்தினால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த இயந்திரம் நின்ற அச்சகத்திலேயே சுவரோரம் அடுக்கியிருந்த எழுத்துக் கேஸ்களை, அதாவது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் தட்டுகளை, யாரும் கேட்பதில்லை. அவை கிலோ கணக்கில் பழைய உலோகக் கடைக்குப் போய் உருக்கப்படுகின்றன. எழுத்தில்லாத அச்சு இயந்திரம் வெறும் இரும்பு. அதை வைத்துக்கொண்டு அச்சுக்கலையைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்வது வீண் பேச்சு. எழுத்தை யார் காப்பாற்றுவார்கள்? அருங்காட்சியகமும் அல்ல, அரசும் அல்ல. பொழுதுபோக்குக்காக அச்சடிக்கிறவர்கள்தான் காப்பாற்றுவார்கள் என்பது என் கட்சி.

இதற்குச் சான்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் ஊரில் 1872-இல் தொடங்கிய கெல்சி நிறுவனம், சிறுவர்கள்கூட வாங்கி ஓட்டக்கூடிய சின்னக் கை இயந்திரங்களை விற்றது. 1876-இல் பிலடெல்பியாவில் பொழுதுபோக்கு அச்சாளர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமே அமைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1922-இல் தொடங்கிய அடானா நிறுவனத்தின் 8-க்கு 5 அங்குல இயந்திரம் சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். லெனார்ட் வுல்ஃப், வர்ஜீனியா வுல்ஃப் தம்பதி 1917-இல் ஒரு கை இயந்திரம் வாங்கி வீட்டில் வைத்ததும் தொழில் நடத்த அல்ல. மனத்துக்கு ஒரு மாற்றாக இருக்கட்டும் என்றுதான். அச்சுப் பள்ளியில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முறைப்படி தொழில் பழகும் இளைஞர்களுக்கு மட்டுமே அங்கே இடம். ஆகவே, இயந்திரத்தோடு வந்த சிறு கையேட்டைப் பார்த்துத் தாங்களே பழகினார்கள். டி. எஸ். எலியட்டின் ‘வேஸ்ட் லேண்ட்’ 1923-இல் பிரிட்டனில் நூலாக வந்தபோது அதற்கு எழுத்துக் கோத்தவர் வர்ஜீனியாதான். இப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே இருந்ததால், ஆஃப்செட் வந்து அச்சுத் தொழில் ஈய எழுத்தைக் கைவிட்ட பிறகும் அந்த நாடுகளில் எழுத்து வாங்க ஆள் இருந்தது. வாங்க ஆள் இருந்ததால் வார்ப்பவர்கள் சிலராவது நிலைத்தார்கள்.

நம்மிடம் அந்தப் பொழுதுபோக்கு அச்சாளர் அடுக்கு உருவாகவே இல்லை. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. தரங்கம்பாடி மிஷனரிகளோ, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், உள்ளூரிலேயே சிறிய எழுத்தை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார்கள். இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், இங்கே அச்சகம் என்றால் பிழைப்பு மட்டுமே. கணினி வந்து பிழைப்பு போனதும் எழுத்தும் கூடவே போயிற்று. இதில் தமிழுக்கு நட்டம் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உயிர் 12, ஆய்தம் ஒன்று, மெய் 18, அகரம் ஏறியவை 18, இகர ஈகார உகர ஊகார வடிவங்கள் 72, தனியாக நிற்கும் துணைக்குறிகள் நான்கு. குறைந்தது 125 வகை. கிரந்தமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இதற்கு மேல். கேஸில் ‘ழு’ மட்டும் தீர்ந்துபோனால் ‘எழுத்து’ என்றே கோக்க முடியாது. பாதி எழுத்துச் செட் என்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததற்குச் சமம். ஆகவே, ஒரு செட் சிதறாமல் மொத்தமாக ஒருவர் கையில் சேர்வது அவசியம்.

பழைய கேஸ்களில் இன்னொரு செல்வமும் உண்டு. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணா, றா, னா மூன்றும் ணை, லை, ளை, னை நான்கும் ஒட்டு வடிவத்தில் இருந்தன. இந்த ஏழு அச்சுகள் போனதில் 13 எழுத்துகளின் தோற்றம் மாறியது. அந்தச் சீர்திருத்தம் சரியானது. அதைத் திருப்பச் சொல்லவில்லை. ஆனால், அதற்கு முன் அச்சான பெரும்பாலான நூல்கள் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. அதைத் தடுமாறிப் படிக்கும் மாணவருக்கு, பழைய ஒட்டு வடிவ ‘லை’ ஒன்றை விரலால் எடுத்துக் கோக்கச் சொன்னால் பிறகு மறக்காது.

கோப்பதில் என்ன கற்க இருக்கிறது என்று கேட்கலாம். இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், அதில் எழுத்து தலைகீழாக, இடமிருந்து வலமாக நிற்கும். ‘கொ’ என்றால் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. வரி முடிந்ததும் சொற்களுக்கு இடையே மெல்லிய துண்டுகளைச் செருகி வரியை இறுக்க வேண்டும். வரி ஆடினால், கோத்து முடித்த பக்கமான பாரத்தைத் தூக்கும்போது எழுத்து உதிரும். இவ்வளவு மெதுவாகப் போகும்போது தேவையில்லாத சொல் தானாகவே கண்ணில் உறுத்தும். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோன தமிழறிஞர் ம.பொ.சி., ‘தமிழ்நாடு’ நாளிதழில் அச்சுக் கோப்பவராக வேலை பார்த்தவர். அவருடைய தமிழுக்கு அந்த வேலை மட்டுமே காரணம் என்பது மிகை. அதற்குப் பங்கே இல்லை என்பதும் தவறு.

எதிர்வாதங்களில் வலுவானது இது: அச்சுக் கோப்பது ஏழைகளின் முதுகொடித்த வேலை, குறைந்த கூலி, நாள் முழுக்க நின்ற கால், அதை வசதியானவர்கள் விளையாட்டாக்குவது நியாயமா? கேள்வி நியாயம்தான். ஆனால், அந்தத் தொழிலாளர்களின் திறமையைக் குப்பையில் போடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இன்னும் நம்மிடையே இருக்கும் மூத்த கம்பாசிட்டர்களை அழைத்து, தக்க சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொள்வதே முறை. கையேட்டில் இல்லாத பாதி அவர்கள் விரலில் இருக்கிறது. பணக்காரப் பொழுதுபோக்கு என்ற குறை, ஆளுக்கொரு இயந்திரம் வாங்கினால்தான் வரும். ஒரு கல்லூரியோ மாவட்ட நூலகமோ தரைத்தளத்தில் ஓர் அறை ஒதுக்கினால் இருபது பேர் ஒரே டிரெடிலில் பழகலாம்.

கணினியில் வடிவமைத்து பாலிமர் தகடு எடுத்து அதே இயந்திரத்தில் அடிக்கலாமே, ஈய எழுத்து எதற்கு என்பது அடுத்த வாதம். தாராளமாக அடிக்கலாம். எழுத்து தேயாது என்பதால் திருமண அழைப்பிதழுக்குத் தகடே மேல். இன்றைய அழைப்பிதழ்களில் எழுத்து தாளில் ஆழமாகக் குழிந்திருப்பதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். பழைய மெஷின்மேனிடம் காட்டினால், அழுத்தம் அதிகம், தாளுக்குப் பின்னால் வைக்கும் பேக்கிங்கைக் குறை என்பார்; தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து தட்டுப்படக் கூடாது என்பதே அவர் கற்ற பாடம். அந்த அழுத்தத்தைத் தகடு தாங்கும், எழுத்து தாங்காது. அழைப்பிதழ் தகட்டில் போகட்டும், கவிதையும் துண்டுப் பிரசுரமும் எழுத்தில் வரட்டும்.

ஈயம் நஞ்சு என்ற எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்க முடியாது. அச்செழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம். தொட்டதும் தோல் வழியாக ஏறிவிடாது. கையில் ஒட்டி வாய்க்குப் போவதும், தூசியாய் மூச்சில் போவதும்தான் ஆபத்து. கோக்கும் அறையில் தேநீர் கூடாது. முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த எழுத்தை ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்த பிறகே எடுக்க வேண்டும். சிறு குழந்தைகளை அந்த அறைக்குள் விடவே கூடாது. வீட்டில் உருக்கி வார்க்கும் ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டிவிடலாம்.

யாராவது ஓர் அச்சகத்தை மூடுகிறார் என்று கேள்விப்பட்டால், இயந்திரத்தின் விலையைக் கேட்கும் முன் கேஸ்களின் விலையைக் கேளுங்கள். பழைய உலோகக் கடைக்காரர் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் போதும், செட் பிழைத்துவிடும். ஸ்டிக், கோத்த வரிகளை வைக்கும் கேலி, வரிகளுக்கு இடையே வைக்கும் லெட், பழைய உரிமையாளரின் கேஸ் வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். வரைபடம் இல்லையென்றால் அங்கேயே அவரை உட்காரவைத்து, எந்த அறையில் எந்த எழுத்து என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். கேஸ்களை நிமிர்த்தாமல் கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். சரிந்து கலந்த 125 வகையை மறுபடி பிரித்துப் போட மாதக்கணக்காகும்.