அரிட்டாபட்டி: பெயர் சொல்லும் மலை

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டாரத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த சிற்றூர். சுனைகளும் கண்மாய்களும் நிறைந்த பூமி. இந்த ஊரின் பெயர் 2024-ஆம் ஆண்டு இறுதியில் டில்லி வரை எட்டியது. காரணம், டங்ஸ்டன்!

பெயர் வந்த விதம்

"பட்டி" என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். அதை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராயிற்று. "அரிட்டா" என்பது யார்? இலங்கையிலிருந்து வந்த அரிட்டர் என்னும் பௌத்தத் துறவி என்று கருதினார் ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி. ஆனால், மலையில் இருப்பதோ சமணத் தீர்த்தங்கரர் சிற்பம்! அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, மலையைத் "திருப்பிணையன் மலை" என்கிறது. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி. அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடி மக்களுக்கு. குகைத்தளத்தில் இதைவிடப் பழமையான தமிழ் பிராமி எழுத்துக்களும் உண்டு.

வந்தது ஏலம்

2022 நவம்பரில் இங்கே 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதல் தலம். 2024 நவம்பரில் மத்திய அரசு 2,015 ஹெக்டேர் பரப்பைச் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. "நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம்" என்பதே அதற்கு வைத்த பெயர். அரிட்டாபட்டியின் பாரம்பரிய நிலமும் அதற்குள் அடக்கம்!

ஊர்கள் திரண்டன. டிசம்பர் 9-ந் தேதி சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ந் தேதி விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 23-ந் தேதி ஏலம் ரத்தாயிற்று. பல்லுயிர்த் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் இருப்பதையே மத்திய அரசு காரணமாகக் காட்டியது.

எஞ்சும் கேள்வி

அரிட்டாபட்டிக்குக் கல்வெட்டு சாட்சி சொன்னது. அரசாணையும் கைகொடுத்தது. மக்களும் விட்டுக்கொடுக்கவில்லை. பாறையில் எழுத்து இல்லாத பட்டிதொட்டிகளின் கதி என்ன? அவற்றின் கண்மாய்க்கும் கரட்டுக்கும் ஊரார் வாயில் மட்டுமே பெயர் இருக்கிறது. பதிவேட்டில் இல்லாத பெயர், வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும். வெற்றிடத்துக்கு ஏலம் கூறுவது எளிது.

ஒவ்வொரு ஊரும் தன் ஏரி, குளம், கோயில், குன்று ஆகியவற்றின் பெயர்களைக் கிராமசபையில் எழுதி வைக்கட்டும். வரைபடத்தில் கோடு போடுமுன் அதிகாரிகள் அந்த ஏட்டைப் புரட்டட்டும். அன்று பாதிரிக்குடியாருக்கு விடப்பட்ட காவல், இன்று எல்லா ஊருக்கும் பொது.