சாம்பாருக்கும் ஒரு ஜாதகம்

பி.காம். படித்தவர்களுக்கு 'ஃபிஃபோ' ஞாபகமிருக்கும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே. இந்தக் கணக்குப்பாடம் நிஜமாகவே உயிர் காக்கிற இடம், முதியோர் இல்லத்து ஃபிரிட்ஜ்!

ஒன்றில் எட்டிப் பார்த்தேன். நாலு எவர்சில்வர் டப்பா. எது நேற்றைய சாம்பார், எது முந்தாநாள் கூட்டு? "மோந்து பாத்தா தெரிஞ்சிடும் சார்" என்றார் சமையல்காரர்.

தெரியாது சார். லிஸ்டீரியா என்கிற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் நிதானமாகப் பெருகும், வாசனை காட்டாது. இளவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கலாம். சாதம் இன்னொரு வில்லன். வெளியே வெகுநேரம் கிடந்தால் அதில் 'பேசில்லஸ் சீரியஸ்' கக்கும் விஷம், திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

வைத்தியம் சுலபம். மிச்சத்தைச் சின்னப் பாத்திரங்களில் சீக்கிரம் ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைக்கணும். மூடிமேல் துண்டு டேப் ஒட்டி பெயர், தேதி, நேரம் எழுதணும். பழசு முன்னால், புதுசு பின்னால். அவ்வளவுதான்.

மாத்திரை அட்டையில் தேதி இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் சண்டை போடுகிறோம். அப்பா சாப்பிடுகிற சாம்பாருக்குக் கேட்க வேண்டாமா? அடுத்த ஞாயிறு ஆப்பிள் பையோடு போகும்போது அந்த ஃபிரிட்ஜையும் பாருங்கள். அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. "நல்லாத்தான் போடறாங்கப்பா" என்றுதான் சொல்வார்.