பிடிஎஃப்பில் கை வைக்க முடியாதாம்!

"வேர்டுல அனுப்பாதீங்க, யாராவது மாத்திடுவாங்க. பிடிஎஃப்பா அனுப்புங்க." வாடகை ஒப்பந்தம், கல்லூரிச் சேர்க்கை, கடன் விண்ணப்பம் என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. சொல்பவர் முகத்தில் பத்திரப்பதிவே முடிந்துவிட்ட நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் எள்ளளவும் கிடையாது.

1991-இல் அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 'கேம்லாட்' என்றொரு திட்டக் குறிப்பு எழுதினார். ஒரு கணினியில் உருவாக்கிய பக்கம் எந்தக் கணினியிலும், எந்த அச்சுப்பொறியிலும் எழுத்துரு மாறாமல், வரி சிதறாமல் தெரியவேண்டும். அவருடைய கவலை அவ்வளவுதான். அந்தத் திட்டத்திலிருந்து 1993-இல் பிடிஎஃப்பும் அதற்கான அக்ரோபாட் மென்பொருளும் வந்தன, 2008-இல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ தரமாயிற்று. திருத்தவே முடியாது என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நாமே கற்பித்துக்கொண்டோம்.

லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் ஒரு சம்பளச் சீட்டைத் திறந்து பாருங்கள். வரிகள் தனித்தனிப் பெட்டிகளாக வந்து நிற்கும். நிகர ஊதியத்துக்கு நேரே இருக்கும் 28,000-ஐ 82,000 ஆக்கி, மறுபடி பிடிஎஃப்பாகவே சேமிக்கலாம். எழுத்துரு சற்றுப் பிசகலாம். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கைபேசியில் விரலால் தள்ளிப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"பாஸ்வேர்டு போட்டிருக்கே" என்பார்கள். திறப்பதற்கே கேட்கும் கடவுச்சொல் கோப்பை மறையாக்கம் செய்கிறது. அது ஓரளவு காவல்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தவும் நகலெடுக்கவும் மட்டும் கூடாது என்கிற இரண்டாம் வகை, வாயிற்காப்போன் இல்லாத வீட்டில் மாட்டிய 'உள்ளே வராதீர்' பலகை. அதை மதிப்பதும் மதிக்காததும் மென்பொருளின் விருப்பம். ஆக்குலர் என்ற மென்பொருளில் அதைப் பொருட்படுத்தாமல் விட ஒரு அமைப்பே இருக்கிறது.

கறுப்புப் பட்டை அடித்து மறைப்பவர்கள் கதை இன்னும் வேடிக்கை. 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அப்படி மறைத்து நீதிமன்றத்தில் ஓர் ஆவணம் தாக்கல் செய்தார்கள். பட்டைக்குக் கீழே எழுத்து அப்படியே இருந்தது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும், தேர்தல் கருத்துக்கணிப்புத் தகவல்களை அவர் யாரிடம் பகிர்ந்தார் என்பது உட்பட எல்லாமே செய்தியாளர்கள் கைக்கு வந்துவிட்டது. பழுத்த வக்கீல்கள், அதுவும்!

உருப்படியான ஒன்று மின்னணுக் கையொப்பம். அதுவும் திருத்துவதைத் தடுக்காது. திருத்தியதைக் காட்டிக்கொடுக்கும், அதுவும் சரிபார்த்தால்தான். இ-ஆதாரை அடோபி ரீடரில் திறந்தால் கையொப்பத்தின்மேல் பல நேரம் கேள்விக்குறிதான் தெரிகிறது. சான்றிதழை நம்பகமானதாகச் சேர்த்தால்தான் பச்சைக் குறி வரும். அந்தப் பச்சைக் குறியை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறோம். தாளில் அது வெறும் மை. சரிபார்க்கும் மென்பொருளையும் முழுக்க நம்பிவிட முடியாது: 2019-இல் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாங்கள் சோதித்த 22 கணினி மென்பொருள்களில் 21-ஐ ஏமாற்றிக் காட்டினார்கள்.

கோப்பை நம்பாமல் மூலத்திலேயே சரிபார்க்கவும் வழி உண்டு. தமிழக அரசின் இணையப் பட்டாவில் ஒரு குறிப்பு எண் இருக்கிறது. அரசுத் தளத்தில் அதை இட்டால் உண்மை விவரம் நேராக வந்துவிடும். நகலை வாங்குகிறவர்கள் அந்த எண்ணைச் சீண்டுவதில்லை. "பிடிஎஃப்தானே?" என்று கேட்டுவிட்டுக் கோப்பில் சேர்க்கிறார்கள்.