எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ்: ஃபீஸ் கட்டும் முன் ஒரு கேள்வி!

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில், "அடுத்து பி.எட்.டா, பேங்க் எக்ஸாமா?" என்ற பேச்சுதான் முதலில் எழும். அதே படிப்பை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குள் போகவும் ஒரு வழி இருக்கிறது. அதுதான் மருத்துவ இயற்பியல்.

புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது டாக்டர். மெஷினை இயக்குவது டெக்னாலஜிஸ்ட். டாக்டர் சொன்ன அளவு கட்டியின் மேல் சரியாக விழுகிறதா, பக்கத்தில் இருக்கும் நுரையீரலும் தண்டுவடமும் தப்பிக்கின்றனவா என்று கணக்குப் போட்டு, மெஷினையும் அளந்து பார்த்து உறுதி செய்பவர்தான் மருத்துவ இயற்பியலாளர். பல நோயாளிகள் இவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். பல சிகிச்சைகளில் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், சில வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள். அளவு குறைந்தால் கட்டி மிஞ்சும். கூடினால் நல்ல உறுப்பு கெடும். மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு.

பிசகினால் என்ன ஆகும்? 2000-2001ல் மத்திய அமெரிக்காவின் பனாமாவில் அது நடந்தது. கதிர் படக் கூடாத இடங்களை மறைக்கும் தடுப்புக் கட்டைகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் முறையை மாற்றினார்கள். கம்ப்யூட்டர் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக் காட்டியது. கையால் ஒருமுறை கணக்குப் போட்டுச் சரிபார்க்கவில்லை. 28 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

இந்தியாவில் இந்த வேலைக்கான தகுதியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கறாராக வைத்திருப்பதற்குக் காரணம் இதுபோன்ற ஆபத்துதான். தகுதி பெற இரண்டு வழிகள் உண்டு. இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட டிகிரிக்குப் பின் மருத்துவ இயற்பியலில் முதுகலை படிக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் அதன் மேல் ஒரு டிப்ளமோ படிக்கலாம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருட டிப்ளமோ இதில் பெயர் பெற்றது.

எந்த வழியில் வந்தாலும், கதிர்வீச்சு சிகிச்சைத் துறை உள்ள மருத்துவமனையில் 12 மாதப் பயிற்சி கட்டாயம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கையில் பட்டம் இருந்தும் பயிற்சி இல்லையென்றால் இந்த வேலையில் சேர முடியாது.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போதே கேட்டுவிட வேண்டும்: "பயிற்சி எந்த மருத்துவமனையில்? கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா? அந்த ஒரு வருடத்துக்கு உதவித்தொகை உண்டா?" போன வருடம் முடித்த சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரிப்பது நல்லது.

'இரண்டு வருடப் படிப்பு' என்று விளம்பரத்தில் இருக்கலாம். வீட்டுக் கணக்கில் அதை மூன்று வருடம் என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.