மழைக்காலம் பார்க்காத ஊரில் முதல் வீடு

"வாடகை கொடுப்பது தண்டம். அதையே தவணையாகக் கட்டினால் இருபது வருஷத்தில் வீடு நம்முடையது." வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன எந்தப் பிள்ளையும் இந்தப் பேச்சுக்குத் தப்புவதில்லை. அப்பா சொல்கிறார், மாமனார் சொல்கிறார், வங்கி விளம்பரமும் சொல்கிறது. சென்னைக்குள் விலை எட்டாமல் போனதும் இதே பேச்சு கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மரக்காணம், கோட்டக்குப்பம் என்று தெற்கே இறங்குகிறது. வழியில் இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது: கடலோரத்தில் விலை ஏறுமே தவிர இறங்காது. பழகாத கடலோர ஊரில் முதல் வீடு வாங்க நிற்பவரை இந்த இரண்டும் சேர்ந்து கடனில் தள்ளுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்டக் கணக்கு. 50 லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு, அதில் 40 லட்சம் கடன், வட்டி 8.5 விழுக்காடு, இருபது வருஷம் என்று வையுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முதல் மாதம் அதில் 28,300 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 6,400 ரூபாய்தான். அதே வீட்டில் வாடகைக்கு இருந்தால், விலையில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்தாலும் மாதம் 12,500 ரூபாய். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 12,500 தண்டம் என்றால், வங்கிக்குக் கொடுக்கும் 28,300-ஐ எந்தப் பெயரால் அழைப்பது? இது போக, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 விழுக்காடு, அதாவது நாலரை லட்சம், பத்திரம் பதிகிற அன்றே கைவிட்டுப் போகிறது. ஊர் பிடிக்காமல் அடுத்த வருஷமே விற்றாலும் அது திரும்பாது.

மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தையிலோ மாசியிலோ வருகிறார்கள். இலவச வேன், மதியச் சாப்பாடு, இதமான காற்று, அகலமான மணல். அந்த மணலை நம்பித்தான் காசு கைமாறுகிறது. ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. வாடைக் காலத்தில் அலை அதைத் தெற்கே தள்ளும், மற்ற மாதங்களில் வடக்கே தள்ளும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தால் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம், காசிமேடு பக்கம் கரை போனதும் ஒரே காரணத்தால்தான். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அதற்குப் பின் நகரத்தின் மணற்கரை கரைந்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கக் குப்பங்களைப் பிடித்தது. படகு நிறுத்த இடமில்லாமல் தவிக்கும் மீனவர்களிடம் பேசினால் இது பத்து நிமிடத்தில் புரியும். மனை விற்கிறவர் இதைச் சொல்லப்போவதில்லை.

மழையும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கழிவெளிச் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்திருந்தால் பங்குனியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கார்த்திகையில் தெரியும்.

கிணற்று நீரையும் கட்டடத்தையும் சொல்லியாக வேண்டும். கடலோரத்தில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. பக்கத்து ரிசார்ட்டின் போர்வெல் உங்கள் குடிநீரைக் கெடுக்க இது போதும். கடற்காற்று நேரே படும் கான்கிரீட் எம்30 தரத்தில், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் விட்டுப் போடப்பட வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. பூசி வெள்ளையடித்த வீட்டில் அதை எப்படிப் பார்ப்பீர்கள்? அதே தெருவில் பத்து வருஷம் ஆன வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். காறை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று பாருங்கள்.

"பேங்க்காரனே லோன் கொடுக்கிறான், அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். கொச்சி மரடில் உப்பங்கழி ஓரம் நின்ற நான்கு அடுக்குமாடித் தொகுதிகளுக்கு ஊராட்சியின் கட்டட அனுமதி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கிடைக்கவே உச்ச நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. கடன் கொடுக்கிறவர் பார்ப்பது தன் பணம் திரும்புமா என்பதை. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் சுத்தமாக இருந்தாலும், அந்தக் கடலோர விதி தூரம் அளக்கும் உயர் அலைக் கோட்டிலிருந்து மனை எவ்வளவு தூரம் என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

சொந்த வீட்டு ஆசையை நான் குறை சொல்லவில்லை. சாதி கேட்டு, சாப்பாடு கேட்டு வீடு மறுக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி வருஷம் முடியுமுன் காலி செய்யச் சொல்கிறார்கள். அந்த அவமானம் நிஜம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. அதைக் கேட்டு வாங்கும் துணிவு நமக்கு வர வேண்டும். அந்த அவமானத்திலிருந்து தப்பித்து, மழையில் எப்படி இருக்கும் என்றே தெரியாத ஊரில் இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது விடுதலை ஆகாது.

அந்த ஊரிலேயே ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். சித்திரைத் தண்ணீரையும் ஐப்பசித் தெருவையும் பாருங்கள். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அதற்குள் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். 5 விழுக்காடு ஏறினாலும் இரண்டரை லட்சம்; வருஷ வாடகை ஒன்றரை லட்சம்; ஆக நான்கு லட்சம். தவறான வீட்டுக்குப் பத்திரச் செலவு மட்டுமே நாலரை லட்சம். முதல் வருஷ வட்டி மூன்றே கால் லட்சத்துக்கு மேல் தனி.